சந்தேகம் இருந்தாலே போதும், 1098-ஐக் கூப்பிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

குழந்தையைக் கொடுமைப்படுத்திய செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம் கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு வரி இருக்கிறது: "அந்த வீட்டிலிருந்து அடிக்கடி அழுகுரல் கேட்கும் என அக்கம்பக்கத்தினர் தெரிவித்தனர்." தெரிவித்தது நிருபரிடம், அதுவும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அந்த அக்கம்பக்கத்தினருக்காகவும், அவர்கள் கூப்பிட வேண்டிய குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்காகவும்தான் இந்தக் கடிதம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மாதாமாதம் எடை பார்த்துப் பழகியவள்.

அக்கம்பக்கத்தினர் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. என்னிடம் வந்து முணுமுணுத்தவர்கள் பலர் உண்டு. "அந்தப் பிள்ளைய ஒரு பார்வை பாருங்க டீச்சர்" என்பார்கள். சரி, நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்களேன் என்றால் பின்வாங்கிவிடுவார்கள். "நமக்கெதுக்கு வம்பு" என்பார்கள். "பெத்தவங்க கண்டிக்காம யாரு கண்டிப்பா" என்பார்கள். "கண்ணால பார்க்காததை எப்படிச் சொல்றது, நாளைக்கு இல்லைன்னு ஆயிட்டா?" என்பார்கள். முதல் இரண்டையும் விடுங்கள். மூன்றாவது நியாயமான பயம். அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டம் உங்களிடம் ஆதாரம் கேட்கவே இல்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-வது பிரிவில்தான் இருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு. ஆனால் அது வஞ்சம் வைத்துப் பொய் சொன்னவருக்கு, சந்தேகப்பட்டுச் சொன்னவருக்கு அல்ல. அடி, சூடு, பட்டினி போன்றவற்றுக்கு 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலும், துன்புறுத்தினாலும், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலும் அதன் 75-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. அது பெற்றோருக்கும் பொருந்தும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது என்று கேட்பீர்கள். நான் பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன்.

நடக்கிற, ஓடுகிற பிள்ளைக்கு முழங்காலிலும் முன்காலிலும் நெற்றியிலும் முழங்கையிலும் அடிபடும். அது விழுந்து எழுகிற வயசு, பயப்பட ஒன்றுமில்லை. காது மடல், கழுத்து, முதுகு, வயிறு, புட்டம், தொடையின் உள்பக்கம் ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால் யோசியுங்கள். விழுகிற பிள்ளைக்குக் காதில் அடிபடுவது அபூர்வம், பெரும்பாலும் திருகினாலோ அறைந்தாலோதான் கன்றும். இன்னும் தவழவே ஆரம்பிக்காத கைக்குழந்தை மேல் கன்றல் இருந்தால், எங்கே இருந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே நீலம் பாய்ந்த மாதிரி மச்சம் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மச்சம் வலிக்காது, நாளுக்கு நாள் நிறமும் மாறாது. கன்றல் வலிக்கும், நிறம் மாறும்.

வெந்நீர் தானாகக் கொட்டினால் தெறித்த மாதிரி, சிதறிச் சிதறிப் புண்ணாகும். இரண்டு பாதமும் சாக்ஸ் போட்டது போல ஒரே கோட்டோடு வெந்திருந்தால் பிள்ளையை யாரோ வெந்நீரில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். பெல்ட், வயர், ஊதுபத்தி இவையெல்லாம் தங்கள் உருவத்தை அப்படியே தோலில் விட்டுவிட்டுப் போகும். எங்கள் பக்கத்தில் வலிப்புக்கும் மஞ்சள் காமாலைக்கும் சூடு வைக்கிற பழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. வைத்தியம் என்று சொன்னாலும் அந்தப் பிள்ளைக்கு அது சித்திரவதைதான், விட்டுவிடக் கூடாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எந்த வருடம் என்பதை வேண்டுமென்றே விடுகிறேன். பள்ளிக்கூடம் போகிற வயசு வராத பையன். எடைப் பதிவில் மற்ற பிள்ளைகளின் கோடு மெல்ல ஏறிக்கொண்டிருக்க, அவனுடையது அப்படியே நின்று, அப்புறம் இறங்கியது. காய்ச்சல், பேதி எதுவும் இல்லை. மதியம் முட்டை போட்டால் சாப்பிட மாட்டான், டவுசர் பைக்குள் திணித்துக்கொள்வான். எங்கள் ஆயாம்மா கேட்டபோது, "பாப்பாவுக்கு" என்றான். ஒரு நாள் கால் கழுவி விடும்போது ஆயாம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்தொடையில் விரல் நீளத்துக்கு நேராக ஒரு தீக்காயம், ஓரங்கள் கத்தியால் வெட்டிய மாதிரி. தோசைக் கரண்டிக் காம்பின் அகலம். அப்பாவைக் கேட்டால் அடுப்பு மேல் உட்கார்ந்துவிட்டான் என்றார். அப்பத்தாவோ பக்கத்து வீட்டுப் பையன் மத்தாப்பால் சுட்டுவிட்டான் என்றது. அடுப்பில் உட்கார்ந்தால் புட்டம் பரவலாக வேகும், கோடு போட்ட மாதிரி வேகாது. ஒரே காயத்துக்கு ஒரே வீட்டில் இரண்டு கதை வந்தால், காயத்தைவிட அந்த இரண்டு கதைதான் பெரிய அடையாளம்.

1098-க்கு மையத்திலிருந்தே பேசினேன். என்ன பார்த்தேன், உடம்பில் எந்த இடத்தில், எந்தத் தேதியில், பிள்ளை சொன்ன வார்த்தை என்ன, வீட்டார் சொன்னது என்ன, இவ்வளவுதான் சொன்னேன். யார் செய்தார் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். பையனோடு தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே பேசினார்கள். அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோனார்கள். ஊரில் எல்லாரும் பயந்தது, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று. அப்படி நடக்கவில்லை. முடிந்தவரை குடும்பத்தோடு வைப்பதுதான் முதல் வழி, இல்லம் கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. இரண்டு பிள்ளைகளும் அம்மாவோடு அம்மாச்சி வீட்டுக்குப் போனார்கள். அப்பா மீது வழக்குப் பதிவானது. அதற்கு அப்புறம் அவர் குடும்பத்தார் மையத்து வாசலில் வந்து நின்று கத்தினார்கள், என் மேல் மேலிடத்துக்கு மனு போட்டார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டியதில்லை. தகவல் மையத்திலிருந்து போனதால் ஊருக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்து பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லாமலே பேசலாம்.

இன்னொன்று எனக்கு ரொம்ப முக்கியம். வறுமையும் கவனிக்காமல் விடுவதும் ஒன்றல்ல. கிழிந்த சட்டையோடு வருகிற பிள்ளையைப் பார்த்து யாரும் போன் எடுத்துவிடாதீர்கள். ஏழைத் தாய் சட்டையைத் துவைத்துப் போட்டு அனுப்புவாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடன் வாங்கியாவது ஊசி போட்டு வருவாள், "ராத்திரி ஒண்ணும் இல்ல டீச்சர், கொஞ்சம் கூடப் போடுங்க" என்று வாய் விட்டுக் கேட்பாள். நான் கவலைப்பட்டது வேறு மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி. தலை முழுக்கப் பேனும் சீழும் இருக்கும், வாரக்கணக்கில் மருந்து வைத்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் கூட்டிப்போக ஆள் வராது, வந்தாலும் பிள்ளை அவரோடு போக மாட்டேன் என்று என் சேலையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வயதுக் குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நாள் முழுக்க வெளியே போயிருப்பார்கள். வீட்டில் வசதி இருந்தும் இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே வழியில்லாத குடும்பம் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவனை இழந்த தாய்மார்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

பாலியல் கொடுமையில் பெரும்பாலும் உடம்பில் அடையாளமே இருக்காது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுவது, உள்ளாடையில் ரத்தக் கறை, படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை மறுபடி நனைப்பது, ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போக மறுப்பது, வயசுக்கு மீறிய வார்த்தையும் விளையாட்டும், எங்கிருந்து வந்ததென்று தெரியாத காசும் தின்பண்டமும். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம், பூச்சிக்கடியாகவோ கிருமியாகவோ கூட இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல டாக்டர் இருக்கிறார். மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். பையன்தானே என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். கெடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால் காது கொடுத்துக் கேளுங்கள், துருவாதீர்கள். "மாமா தொட்டானா?" என்று நீங்கள் பெயரை எடுத்துக் கொடுத்தால் பிள்ளை தலையாட்டிவிடும், பின்னால் நீதிமன்றத்தில் அதுவே வினையாகும். "அப்புறம் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டால் போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. உன் மேல் தப்பில்லை, சொன்னது நல்லது என்று சொல்லுங்கள். பாட்டியிடம் ஒரு முறை, பெரியப்பாவிடம் ஒரு முறை, பக்கத்து வீட்டில் ஒரு முறை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள்.

போலீஸ் ஸ்டேஷன் என்றதும் பிள்ளை மிரண்டுவிடும் என்பது தாய்மார்களின் கவலை. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோதான் வாங்க வேண்டும், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது, இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. போக்சோ 24-வது பிரிவு இதையெல்லாம் தெளிவாகச் சொல்கிறது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். போடும்வரை அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இதை அச்சடித்து ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்டலாம்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோவில் வாசலில் உட்கார்ந்து, காசு கொடுத்து, காலில் விழ வைத்து, "பொம்பளப் பிள்ள வாழ்க்கை" என்று பேசி முடிக்கிற வழக்கம் இன்னமும் நடக்கிறது. போக்சோ வழக்கு சமரசம் பேசி முடிக்கிற வழக்கு அல்ல. கெடுத்தவன் அதே தெருவில்தான் இருக்கிறான், பிள்ளை தினமும் அவன் வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறது. பேசி முடித்தவர்களும் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் மறைத்தவர்கள்தான், 21-வது பிரிவு அவர்களையும் பிடிக்கும்.

"அந்த 1098 நம்பர் இன்னும் இருக்கா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை, 2023-லிருந்து மாநில அரசுகளே எடுத்து நடத்துகின்றன. கட்டணம் இல்லை, இரவும் பகலும் எடுப்பார்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம், மறக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417-ம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112.

ஆசிரியருக்கு இரண்டு வேண்டுகோள். இந்த மாதிரிச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் அதன் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் 1098 என்று போடுங்கள், இரண்டு வரி இடம் போதும். இரண்டாவது, பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டுப் பள்ளியின் பெயர், தெரு, அம்மா வேலை பார்க்கும் மில், அப்பாவின் வயசு என்று எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள் சில நிருபர்கள். அடையாளம் தெரிகிற எதையும் போடக் கூடாது என்று போக்சோ 23-வது பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் சொல்கின்றன. "பேப்பர்ல வந்துடும் டீச்சர்" என்று சொல்லிப் புகார் கொடுக்காமல் திரும்பிப் போன தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் விட்டுவிடுங்கள். நான் யார் என்று தெரிந்தால், அந்தப் பையன் யார் என்பதை எங்கள் பக்கத்தில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.