பயிர் வச்ச குத்தகைதாரருக்கே மழை நிவாரணம் கேட்டு மனு

அனுப்புநர்: குத்தகை விவசாயிகள், காவிரி கடைமடை கிராமம்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பொருள்: 2023 பிப்ரவரி மழையில அழிஞ்ச சம்பாவுக்கு நிவாரணம், சாகுபடி பண்ணவங்க பேருலயே தரச்சொல்லி

அய்யா, வணக்கம்.

பிப்ரவரி மொத வாரம் பேஞ்ச மழை உங்களுக்கே தெரியும், அறுப்புக்கு நின்ன சம்பா அப்படியே சாஞ்சு தண்ணிக்குள்ள கெடந்துச்சு, வாய்க்கால் வடியறதுக்குள்ள கதிருலயே முளை விட்ருச்சு, உள்ள தெளிச்சிருந்த உளுந்தும் அழுகிப்போச்சு. முதல்வர் அய்யா 33 சதவீதமும் அதுக்கு மேலயும் பாதிச்ச நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000, உளுந்துக்கு 3,000ன்னு அறிவிச்சாங்க, சந்தோசம். நெல்லுக்கு மட்டும் பாத்தா ஏக்கருக்கு 8,100 கிட்ட, எங்க கணக்குல ஒரு மா நிலத்துக்கு (மூணு மா ஒரு ஏக்கர்) 2,700 வருது. போட்ட செலவுக்கு காணாது, ஆனா அதுக்கு இந்த மனு இல்ல. அந்த காசு யாரு கைக்கு போகுதுங்கறதுதான் எங்க பிரச்சனை.

கணக்கெடுக்க வந்தவங்க சர்வே நம்பர பாத்து பட்டா யாரு பேருல இருக்கோ அவங்க ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ கொண்டாங்கன்னுட்டாங்க. பட்டாதாரர் சென்னையில இருக்காரு, வெதை, உரம், நடவு கூலி, சாஞ்ச பயிர அறுக்க செயின் வச்ச அறுப்பு மிஷின் வண்டி வாடகை எல்லாம் வட்டிக்கு வாங்கி போட்டது நாங்க. டயர் வண்டி அந்த சேத்துல இறங்காது, சாஞ்சு கெடந்தா நேரமும் டபுளா ஆகும், வாடகை மணிக்கணக்குதானே. அறுத்து பாத்தா பாதி பதரு. ஆனாலும் குத்தகை நெல்ல அளந்துதான் ஆகணும்.

கோயில் நிலம் பண்றவங்க கதை இன்னும் கூத்து, பட்டா சாமி பேருல இருக்கு, சாமியா வந்து பாஸ்புக் ஜெராக்ஸ் குடுக்கப்போறாரு? அவங்ககிட்டயாவது குத்தகை கட்டுன ரசீது இருக்கு.

1969 குத்தகை உரிமை பதிவு சட்டப்படி எங்க உரிமைய தாசில்தார்கிட்ட பதிஞ்சுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்கள்ல முக்காவாசி பேரு வாய்வார்த்தை குத்தகைங்க, எழுத்துல கேட்டோம்னு தெரிஞ்சா அடுத்த போகம் நிலம் வேற ஆளுக்கு போயிரும். நிலத்துக்காரரை குறை சொல்லல, அவருக்கு நிலம் கைவிட்டு போயிருமோன்னு பயம், எங்களுக்கு பொழப்பு போயிருமோன்னு பயம். அதனால அவரு கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு எங்கள அனுப்பாதீங்க அய்யா, அது நடக்காது.

நாங்க கேக்கறது இதுதான். யாரு நட்டா, யாரு அறுத்தான்னு பக்கத்து வயக்காரங்க ரெண்டு பேர விசாரிச்சு எழுதி வாங்கிட்டு, விஏஓ சாகுபடி அடங்கல்ல, அதாவது எந்த வயல்ல யாரு என்ன பயிர் வச்சாங்கன்னு எழுதற கிராம பதிவேட்டுல, எங்க பேர ஏத்தச் சொல்லுங்க. கோயில் நிலத்துக்கு குத்தகை ரசீது போதும்னு ஒரு உத்தரவு போடுங்க. தண்ணி வடிஞ்சப்புறம் தூரத்துல நின்னு பாத்துட்டு 33 சதவீதம் இல்லன்னு விட்ட வயல்கள மறுபடி பாக்கணும், கதிர கையில கசக்கி பாத்தா பதரு எவ்வளவுன்னு அங்கயே தெரிஞ்சுரும்.

அப்புறம், பணம் ஏறுறதுக்கு முன்னாடி பயனாளி லிஸ்ட்ட சர்வே நம்பரோட பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டச் சொல்லுங்க. தப்பு இருந்தா அப்பவே சொல்லிருவோம், ஒருத்தர் அக்கவுண்ட்ல ஏறுன காச திரும்ப வாங்கறது உங்களுக்கும் முடியாது எங்களுக்கும் முடியாது.

சாகுபடி வெவரம், கோயில் குத்தகை ரசீது, வயல் போட்டோ எல்லாம் இதோட வச்சிருக்கோம்.

இப்படிக்கு,
குத்தகை விவசாயிகள்