கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

எல்எஃப்எஸ், அதாவது 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' புத்தகத்தை வைத்து நீ சோர்ஸிலிருந்து ஒரு லினக்ஸைக் கட்டுகிறாயே, அதன் மையமான கெர்னல் ஏன் பாதியில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டேன். தீபாவளிக்குப் பேசினபோது திரையைப் படம் எடுத்து அனுப்பினாயே, ரூட் கோப்பு முறையை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி, அடைப்புக்குள் 0,0 என்று முடிகிற வரி. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அந்த இரண்டு பூஜ்யம்தான் விஷயம். வட்டு கிடைத்து, அதில் இருப்பதை மட்டும் படிக்கத் தெரியவில்லை என்றால் அங்கே 8,1 என்றோ 259 என்றோ ஏதாவது எண் வந்திருக்கும். 0,0 என்றால் கெர்னலின் கண்ணில் வட்டே படவில்லை.

உன் லேப்டாப்பில் இருப்பது என்விஎம்இ வட்டு. கெர்னலில் எது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற மெனுகான்ஃபிகில் அந்த டிரைவருக்கு நேரே நட்சத்திரம் இருக்க வேண்டும், அப்போதுதான் அது கெர்னலுக்குள்ளேயே சேரும். உனக்கு 'எம்' என்று இருந்திருக்கும், பார். எம் என்றால் டிரைவர் தனி மாட்யூலாகப் போய் அதே வட்டில் உட்கார்ந்துகொள்கிறது. வட்டைத் திறக்க அது வேண்டும், அதை எடுக்க வட்டு திறக்க வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டின கதைதான். வட்டு திறக்கும் முன்பே டிரைவர்களைக் கொண்டுவருகிற இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் தப்பிக்கலாம், புத்தகத்தின்படி போனால் அது கிடையாது. அங்கே போய் 'ஒய்' அழுத்து. வட்டில் இருக்கும் கோப்பு முறையான இஎக்ஸ்டி4-க்கும் நட்சத்திரமா என்று பார். அப்புறம் கெர்னலைத் தொடங்கிவைக்கிற கிரப்பின் கோப்பில், ரூட் என்ற இடத்தில் கோப்பு முறையின் அடையாள எண்ணான யூயூஐடி கொடுத்திருந்தால் எடுத்துவிடு, இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் கெர்னலுக்கு அது புரியாது. வட்டின் பகுதிக்கு உள்ள பார்ட்யூயூஐடி கொடுத்தால் புரியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். மாடி அறையில் நீ விட்டுப்போன மிஷினில் நானும் கட்டினேன். புத்தகத்தின் 12.3 பதிப்பு, சிஸ்வி இனிட் என்ற தொடக்க நிரல் உள்ளது. நீ ஆறாவது அத்தியாயம், ஏழாவது அத்தியாயம் என்று பேசும்போது எனக்குப் பாதிதான் விளங்கும். ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் டீச்சருக்கு வேறென்ன வேலை. அப்பா முதலில் 'இந்த வயசில் எதுக்கு' என்றார், இப்போது மாடிக்கு டீ கொண்டுவந்து தருகிறார்.

சாப்பாடு விஷயத்தை முதலில் கேட்க நினைத்தேன், கெர்னலில் தொடங்கிவிட்டேன். சாப்பிடுகிறாயா? பிரெட்டை மட்டும் தின்றுகொண்டு இருக்காதே. சுக்குப் பொடியும் இட்லிப் பொடியும் சித்தப்பா பையனிடம் கொடுத்து அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று கூட நீ சொல்லவில்லை. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது, அதைப் 'பொடி வந்தது' என்று எடுத்துக்கொள்ளவா?

ஐந்தாவது அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. நீ மூன்றாம் வருஷம் படிக்கும்போது யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1983-ஆம் ஆண்டின் டூரிங் விருது வாங்கினபோது பேசினதை எனக்கு வாசித்துக் காட்டினாய். கம்பைலருக்குள் ஒரு கெட்ட காரியத்தை ஒளித்துவைத்துவிட்டு, சோர்ஸில் அதன் தடமே இல்லாமல் செய்யலாம் என்று. 'அப்படியானால் எதை அம்மா நம்புவது?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாய். எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை இப்படி ஒரு கேள்வி கேட்டால் டீச்சருக்கு வருகிற சந்தோஷம் வந்தது. இங்கே புத்தகம் போகிற வழியைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. ஹோஸ்ட்டில், அதாவது மிஷினில் ஏற்கெனவே ஓடுகிற லினக்ஸில், இருக்கும் ஜிசிசி கம்பைலரை வைத்து முதல் ஜிசிசி. அதை வைத்து சி லைப்ரரியான ஜிலிப்சி. அவற்றை வைத்து மறுபடியும் ஜிசிசி. சிஎச்-ரூட்டுக்குள், அதாவது கட்டிக்கொண்டிருக்கிற புது லினக்ஸுக்குள், போன பிறகு எட்டாவது அத்தியாயத்தில் மூன்றாவது முறை. அசெம்பிளரும் லிங்க்கரும் உள்ள பின்யூட்டில்ஸும் அப்படியே மூன்று முறை. நான் மாணவிகளுக்கு ஸ்டார் ஆபீஸும் சி++-ம் சொல்லிக்கொடுத்த காலத்தில் கம்பைலர் என்பது ஏற்கெனவே அங்கே இருக்கிற ஒன்று, அவ்வளவுதான். அதையும் ஒருவர் கட்ட வேண்டும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

மிஷின் பெயரின் நடுவில் 'எல்எஃப்எஸ்' என்று மூன்று எழுத்தைச் செருகுகிறார்களே, அந்த யோசனையை மெச்சாமல் இருக்க முடியவில்லை. மிஷின் ஒன்றேதான், பிராசஸர் ஒன்றேதான். பெயர் மாறினதும் கான்ஃபிகர் இது வேறு மிஷின் என்று எடுத்துக்கொண்டு, ஹோஸ்ட்டின் லைப்ரரிகளைத் தொடாமல் கட்டுகிறது.

ஜிலிப்சி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மாடி லைன் இன்வெர்ட்டரில் இல்லை, உனக்குத் தெரியும். கரண்ட் வந்து மிஷினைத் திரும்பப் போட்டதும் முதல் வேலையாக எக்கோ போட்டு, புது லினக்ஸ் எந்த இடத்தில் கட்டப்படுகிறது என்று சொல்கிற எல்எஃப்எஸ் மாறியைப் பார்த்தேன். காலி வரி. நல்ல வேளை பார்த்தேன். அது காலியாக இருக்கும்போது ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, எதையாவது இன்ஸ்டால் செய்தால், எல்லாம் ஹோஸ்ட்டின் தலையில் போய் விழும். ராத்திரி கண் சொருகிக்கொண்டு இருக்கும்போது இதைப் பார்க்கத் தோன்றாது. அதனால்தான் சொல்கிறேன், ராத்திரி 2 மணிக்கு ரூட்டாக உட்காராதே. காலையில் செய்தால் என்ன, வட்டு எங்கே ஓடிப்போகிறது.

மறுபடியும் சோர்ஸ் அடங்கிய டார் கோப்பைப் பிரித்து, முதலில் இருந்து ஜிலிப்சியைக் கட்டினேன். அப்புறம் ஒரே ஒரு வரி சி நிரலை கம்பைல் செய்து, ரீட்எல்ஃப் போட்டுப் பார்க்கச் சொல்வார்களே, அந்தச் சோதனை. லிப்64-க்குள் எல்டி-லினக்ஸ் என்று லோடரின் பெயர் சரியாக வந்தது. இங்கே காலை 6 மணி, உனக்கு 2:30. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். நீ ஆன்லைனில் இருந்தாய். நான் ஒன்றும் அனுப்பவில்லை. அந்த நேரத்தில் இவள் ஏன் விழித்திருக்கிறாள் என்பதே மனசில் ஓடியது, எல்டி-லினக்ஸ் மறந்துபோனது.

ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. மாமா வீட்டில் எல்லோரும் சுகம். மதுரையில் நடந்ததைப் பற்றி எழுத மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், எழுதவில்லை. சித்தி 'ப்ரியாவின் வீடு, ப்ரியாவின் கார்' என்று ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். புத்தகத்தில் நேரத்தை நிமிஷத்தில் சொல்வதே இல்லை, கவனித்தாய் அல்லவா? உன் மிஷினில் முதல் பின்யூட்டில்ஸ் கட்டி முடிய எவ்வளவு நேரமோ அதுதான் 1 எஸ்பியு, மற்றதெல்லாம் அதன் மடங்கு. சித்திக்கு இதை விளக்கலாம் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

இன்னொன்று எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் கெர்னலில் தொடங்கினேன்.

எட்டாவது அத்தியாயத்தில் எக்ஸ்இசட் என்று ஒரு சின்னத் தொகுப்பு வரும். கோப்பைச் சுருக்குகிற வேலை, இந்த டார் கோப்புகளில் நிறைய அதில் சுருக்கியவைதான். அதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் ஃபின்லாந்துக்காரர் லாஸ்ஸே காலின். கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக, சம்பளம் இல்லாமல். உலகத்தில் எத்தனை சர்வரில் அது இருக்கிறது என்று எண்ண முடியாது. 2022 ஜூனில், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று பல பெயர்களில் ஆட்கள் அவரை நெருக்கினார்கள். அவர் மறைக்காமல் பதில் எழுதினார்: ஆர்வம் போய்விடவில்லை, ஆனால் நீண்ட நாளாக மனநலம் சரியில்லை, முன்போல் கவனிக்க முடியவில்லை, இது கூலி இல்லாத வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. உதவுகிறேன் என்று பக்கத்தில் நின்ற ஜியா டான் என்ற பெயர்க்காரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். 2024-ல் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெளியீட்டில் பின்கதவு வைத்தாயிற்று. வைத்த இடம் எது தெரியுமா, சோதனைக் கோப்புகளுக்குள். தூரத்து மிஷினுக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டிப் பார்த்திருக்காவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ. அந்த மார்ச் 29-ஆம் தேதி ராத்திரி நீ எனக்குப் போன் செய்து, மூச்சுவிடாமல் இந்தக் கதையைச் சொன்னாய். ஃப்ராய்ண்டைப் பற்றித்தான் அதிகம் சொன்னாய். நான் அப்போதிருந்து காலினைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தன்னால் முடியவில்லை என்று ஒருவர் நாலு பேர் முன்னால் எழுதுகிறார், அதைப் படித்துவிட்டும் நெருக்குகிறார்கள். அவருக்கு வீட்டில் யார் இருந்தார்களோ, ஒரு டம்ளர் காபி வைத்துவிட்டு 'போய்ப் படு' என்று சொல்ல யாராவது இருந்தார்களா என்று.

ஆனால் அவர் திரும்பி வந்தார், கயல். அந்தக் கெட்டதையெல்லாம் நீக்கி மே மாதம் 5.6.2 வெளியிட்டார். நான் கட்டினது 5.6.4. மேக் செக் போட்டுச் சோதனைகளை ஓட்டினேன், ஒன்றும் தோற்கவில்லை. எல்லாம் தேறிவிட்டது என்று அந்த வரிகள் இறங்கி வரும்போது எனக்குக் கண் கலங்கியது, மேலே வந்த அப்பா 'என்னாச்சு' என்றார்.

நீ ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ளும் அந்த லைப்ரரியின் பக்கத்தை நான் தினமும் காலையில் திறந்து பார்ப்பது உனக்குத் தெரியாது. உன் கமிட், அதாவது நீ செய்து பதிந்த மாற்றம், இருந்தால் அன்றைக்கு எனக்கு நிம்மதி. எத்தனை மணிக்குப் போட்டாய் என்று பார்த்து, சரி, அப்புறம் தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். பிப்ரவரியோடு அதுவும் நின்றுவிட்டது. கீழே ஒருவன், இந்த புராஜெக்ட் செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறான். அதைப் படித்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவனுக்குப் பதில் எழுத எனக்குக் கை துறுதுறுத்தது, உன் இடத்தில் நான் புகுந்து பேசக் கூடாது என்று விட்டேன். ஆனால் நீ அவனுக்குக் கடன்பட்டவள் இல்லை. அவன் உனக்குச் சம்பளம் தரவில்லை. முடியவில்லை என்றால் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு மூடிவை. ஒருவனுக்கும் காரணம் சொல்ல வேண்டாம்.

எனக்கு மட்டும் சொல். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். வேலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை. நீ பள்ளிக்கூட லேபில் பாஸ் லினக்ஸ் போட்ட மிஷினைப் பிரித்துப் போட்டு, தலைமையாசிரியை முன்னால் நின்று 'திரும்ப மாட்டிடுவேன் மிஸ்' என்று சொன்ன பிள்ளை. மாட்டியும் காட்டினாய். ஆனாலும் மாசக்கணக்கில் வீடியோவை அணைத்துவிட்டு 'நல்லா இருக்கேன்மா' என்று சொல்வது சரியில்லை. உன் குரலை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சோதனைகளைத் தாண்டிப் போகாதே, ஜிலிப்சி, பின்யூட்டில்ஸ், ஜிசிசி மூன்றுக்கும் கட்டாயம். ஒரு தொகுப்பு முடிந்ததும் அந்த டைரக்டரியை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போ. மிஷினைத் திரும்பப் போட்டால் எல்எஃப்எஸ் மாறியைப் பார். சிஎச்-ரூட்டுக்குள் போகும் முன் டெவ், புரோக், சிஸ், ரன் நாலும் மவுண்ட் ஆகியிருக்கிறதா பார். ராத்திரியில் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு உட்கார்.

என் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. விசாவுக்கு நீ ஓர் அழைப்புக் கடிதம் எழுதி அனுப்ப வேண்டுமாம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மாதிரி ஒன்று வாங்கி உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், தேதியை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும். நான் வந்தால் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். சமைத்துப் போடுவேன், நீ தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து உன் லேப்டாப்பில் கெர்னலைக் கட்டுவேன். அதற்குப் பதில் நீ இங்கே வருகிறாய் என்றால் இன்னும் நல்லது, மாடி அறையைச் சுத்தம் செய்துதான் வைத்திருக்கிறேன், ஏசியும் சர்வீஸ் பார்த்தாயிற்று.

கடிதம் எழுத இப்போது முடியாது என்றால், மெனுகான்ஃபிகில் நீ தேர்ந்தெடுத்ததெல்லாம் பதிவாகியிருக்கிற, கெர்னல் டைரக்டரியில் இருக்கும் டாட் கான்ஃபிக் கோப்பை மட்டும் அனுப்பு. நட்சத்திரமா எம்மா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை