படிப்பகச் சாவி பிளஸ் ஒன் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற வடசென்னைப் பகுதிகளில் மாலைநேரப் படிப்பகம் தொடங்குவது சுலபம். ஆறு மாதம் கழித்தும் அது திறந்திருப்பதுதான் அரிது. பெரும்பாலும் ஒரே ஒரு டியூஷன் அக்காவை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது. அவருக்கு வேலை கிடைத்தாலோ கல்யாணம் ஆனாலோ கதவுக்குப் பூட்டுதான். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலையில் பாடம் சொல்லித்தந்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் தரப்பட்டது. 22 மாலைகள் என்று கணக்கிட்டால் நாளுக்கு 45 ரூபாய் தேறியது. போகிறவரைக் குறை சொல்ல முடியுமா?

வாரியக் குடியிருப்பில் அந்தந்த பிளாக்கில் வளரும் பிள்ளைகளையே பொறுப்புக்குப் பழக்குவதுதான் வழி. 20 பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர், பிளஸ் ஒன் மாணவர் இருவர் போதும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் இது இன்னும் வசதி. பிளஸ் டூ போனவர் காலாண்டுத் தேர்வு வரை உடனிருந்து புதியவரைப் பழக்கிவிட்டு விலகலாம்.

தலைமைப் பண்பு என்றதும் நாம் சுதந்திர தினத்தன்று மைக்கைக் கொடுத்துவிடுகிறோம். சாவியையும் வருகைப்பதிவேட்டையும் தண்ணீர் கேன் கணக்கையும் கொடுங்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வீட்டில் போய்க் கேட்பதும் அவர்கள் வேலை. ஒரு வாரம் விட்டுவிட்டால் அந்தப் பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவது கஷ்டம்.

பாடம் கெடுவது வீட்டுப்பாடத்தால். பெரிய பிள்ளை சொல்லச் சொல்லச் சின்னது எழுதும். நோட்டு நிறைந்துவிடும், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுப்பாடத்துக்கு 25 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த 40 நிமிடம் வாசிப்பும் கணக்கும். மிச்சம் கதையோ கேரமோ, அவர்கள் இஷ்டம்.

சேர்ந்த வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடம் தனியாகப் படிக்க வையுங்கள்: எழுத்து, சொல், பத்தி, கதை. பிறகு கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். இரண்டு மாலைகளில் 20 பேரும் முடிந்துவிடுவார்கள். எந்தப் படியில் தடுக்குகிறதோ அதை வைத்துக் குழு பிரிக்க வேண்டும், வகுப்பை வைத்து அல்ல. இதில் ஒரு சிக்கல் உண்டு. வாசிக்கத் தடுமாறும் ஏழாம் வகுப்புப் பையனை மூன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார வைத்தால் மறுநாள் வரமாட்டான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். முந்தின நாளே புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் தானே நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டு வருவான்.

தண்ணீர் லாரி வரும் நேரத்தில் வகுப்பு வைத்தால் பாதிப் பிள்ளைகள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். நேரத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏழு மணிக்கு முடித்துவிட வேண்டும். மாடிப்படி விளக்கு எரியவில்லை என்றால் முதலில் வராமல் நின்றுவிடுவது பெண்பிள்ளைகள்தான்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சம்பளம் தராவிட்டாலும், சனிக்கிழமைதோறும் அவர்களுக்குக் கணிதமோ கணக்குப்பதிவியலோ சொல்லித்தரக் கல்லூரி மாணவர் ஒருவர் வேண்டும். சொந்த மதிப்பெண் இறங்கினால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் கேட்பது இவ்வளவுதான்: பிளாக்குக்கு ஒரு தரைத்தள அறை, யார் மின்கட்டணம் கட்டுவது என்பது எழுத்தில், கழிப்பறைக்குத் தண்ணீர்.

இப்படிக்கு,
படிப்பகத் தன்னார்வலர்கள்,
வியாசர்பாடி, சென்னை.