ஒலிபெருக்கி இரண்டு அணிக்கும் பொது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மென்பந்து கிரிக்கெட் போட்டி நடத்தும் விளையாட்டுக் கழகத்தாருக்கும், அந்த மைதானங்களில் ஒலிபெருக்கி பிடிக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

சித்திரைப் புத்தாண்டுப் போட்டிகளுக்கு ஆயத்தம் தொடங்கியிருப்பீர்கள். அதற்குமுன் ஒரு விடயம். வெற்றியை அறிவிக்க உங்களிடம் நான்கைந்து சொற்கள்தான் இருக்கின்றன: துவம்சம் செய்தது, ஊதித் தள்ளியது, மண்ணைக் கவ்வ வைத்தது, ஓட ஓட விரட்டியது. கடைசிப் பந்தில் ஓர் ஓட்டத்தால் தப்பிப் பிழைத்த அணியும் துவம்சம் செய்கிறது. ஒன்பது விக்கெட்டால் வென்ற அணியும் துவம்சம் செய்கிறது. சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சத்தமில்லாத மைதானத்துக்கு நான் போகவும் மாட்டேன். ஆனால் இந்தச் சொற்களைக் கேட்டு ஆட்டம் எப்படிப் போனது என்று ஒருவராலும் அறிய முடியாது. தோற்றவன் எவ்வளவு கேவலப்பட்டான் என்பது மட்டும் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

1996 மார்ச் 17, லாகூர், உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அதற்கு முந்தைய ஐந்து உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. தெரிந்தும் இலங்கை அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்று களத்தடுப்பைத் தேர்ந்தெடுத்தார். அவுஸ்திரேலியா 241. பதிலுக்கு இலங்கை 23 ஓட்டங்களில் இரண்டு விக்கெட்டுகளைப் பறிகொடுத்து நின்றது. பிறகு அரவிந்த டி சில்வா, ஆட்டமிழக்காமல் 107. இப்படிச் சொன்னால் இன்று பிறந்த பிள்ளைக்கும் அந்த மாலையின் பதைப்பு புரியும். கண்டியில் பிறந்த நம் முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் தன் கடைசி டெஸ்ட்டுக்கு இறங்கியபோது 800க்கு எட்டு விக்கெட் குறைவு. அந்த எட்டாவது, அவர் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்தில் விழுந்தது. இதற்குமேல் எந்த வதமும் வேட்டையும் வேண்டும்?

வென்றால் "நாம்", தோற்றால் "அவர்கள்" என்பது உலக வழக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதே பழக்கத்தைக் கண்டு உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976இல் ஆய்வே எழுதினார்கள். நமக்கு ஆய்வு தேவையில்லை. 2022 செப்டம்பரில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது நாம். அடுத்த செப்டம்பரில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது அவர்கள்! தேநீர்க் கடையில் அன்று ஒருவரும் அந்த அணிக்கு உறவில்லை.

ஆனாலும் அந்த "நாம்" மீது எனக்குக் கேலி கிடையாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரிடமிருந்து பறித்த குடியுரிமையை, மிஞ்சியிருந்தவர்களுக்கும் வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. லாகூர் வெற்றியன்று லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆரவாரித்தவர்களுக்குள் எந்த நாட்டுக் குடியுரிமையும் கைக்கு வராதவர்களும் இருந்தார்கள். அவர்களும் "நாம்" என்றுதான் சொன்னார்கள்.

தோட்டப் போட்டியில் கதை வேறு. ஒரே தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் நுழைவுக் கட்டணம் கட்டித்தான் ஒலிபெருக்கி வாடகைக்கு வருகிறது. அதைப் பிடித்தவர் ஒரு பிரிவின் வாயாகப் பேசினால், மற்றப் பிரிவு தன் காசிலேயே வசை கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட ஓட விரட்டப்பட்டவன் திங்கட்கிழமை காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் அதே பிரட்டுக்களத்தில், விரட்டியவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவன் தங்கை அடுத்த பிரிவில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். பட்டப்பெயர், அப்பாவின் குடி, சாதி எல்லாம் "பகிடிக்கு" என்று சொல்லி ஒலிபெருக்கியில் ஏறுகின்றன. பகிடி என்றால் இருவரும் சிரிக்க வேண்டும்.

பிடியைத் தவறவிட்டவனைப் "பெண்பிள்ளை மாதிரி" என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு உங்கள் அம்மாவும் அக்காவும் எல்லைக்கோட்டருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 28இல் தம்புள்ளையில் இந்தியாவை எட்டு விக்கெட்டால் வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது இலங்கைப் பெண்கள் அணி. இலக்கு 166. சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. நம் பையன்களைப் பெண்பிள்ளை மாதிரியே ஆடச் சொல்லுங்கள், கிண்ணமாவது கிடைக்கும்.

கழகச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவிப்பாளரின் நாற்காலியை அலங்கார மேடையிலிருந்து எடுத்து, ஓட்டக்கணக்கு எழுதுபவருக்குப் பக்கத்தில் போடுங்கள். வென்ற அணியின் பெயரோடு எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட், கடைசி ஓவர் யார் வீசியது என்பதையும் அவர் வாசிக்கட்டும். தோற்ற அணியில் அதிக ஓட்டம் எடுத்தவரின் பெயரையும் அதே சத்தத்தில் சொல்லட்டும். அரைநாள் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு ஆட வந்தவர் அவர்.

இப்படிக்கு,
எல்லைக்கோட்டருகே நிற்கும் ஒரு ரசிகன்