மல்லிகாவுக்கு, உன் முதுகுவலி பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்ட செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. என் நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் கிறுக்கி வைத்தவள் இப்போது சம்பளம் வாங்குகிறாள்! அவளுக்கு என் அன்பைச் சொல். நான் வழக்கம்போலத்தான் இருக்கிறேன். பிசியோதெரபிப் பிரிவில் கூட்டம் குறைந்தபாடில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய ஸ்கேன் உறையோடு வருகிறார்கள். முதலில் அதை நீட்டுகிறார்கள், அப்புறம்தான் பெயரைச் சொல்கிறார்கள்.

நீயும் கடிதத்தில் அதைத்தான் செய்திருக்கிறாய். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறாய். "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, இனிமேல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்று டாக்டர் சொல்கிறார். "எல்லாம் மனப்பிரமை" என்று உன் நாத்தனார் சொல்கிறாள். யார் சொல்வதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால், இரண்டையுமே நம்பாதே.

முதலில் ஸ்கேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலி இல்லாதவர்கள் என்பதை மறந்துவிடாதே. அவர்களில் இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் என்று உன்னைப் பயமுறுத்துகிறதே, அது ஐம்பது வயதில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களெல்லாம் குனிந்து நிமிர்ந்து தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான். அதற்காக ஸ்கேனே வீண் என்று சொல்ல வரவில்லை. உன் வலிக்குக் காரணம் அந்த வரியில்தான் இருக்கிறது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் நாத்தனார் சொல்வது சரியா? அதுவும் இல்லை. இங்கேதான் நரம்பியல்காரர்கள் கடந்த ஐம்பது அறுபது வருடங்களில் செய்த வேலை உதவிக்கு வருகிறது. உடம்பில் அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு ஒரு கம்பி ஓடுகிறது, அதில் வலி அப்படியே பயணம் செய்கிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் அதை மாற்றினார்கள். தண்டுவடத்திலேயே ஒரு வாசல் மாதிரி ஏற்பாடு இருக்கிறது, கீழிருந்து வரும் செய்தி அங்கே கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம், மூளையும் மேலிருந்து அதைத் திறந்து மூடலாம் என்றார்கள். விவரங்களில் பல பிற்பாடு திருத்தப்பட்டன, ஆனால் அடிப்படை நிலைத்துவிட்டது. 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போனது. காயம் பட்ட பிறகு தண்டுவடத்து நரம்புச் செல்களே கூர்மையாகிவிடுகின்றன. லேசான அழுத்தத்துக்கும் அவை துள்ளுகின்றன. காயத்துக்கு வெளியே உள்ள இடத்தைத் தொட்டாலும் துள்ளுகின்றன. ஒருமுறை திருடு போன வீட்டில், காற்றுக்குக் கதவு அசைந்தால்கூட எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

2002இல் உடம்பெல்லாம் வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை அளந்து அழுத்தி, அப்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று படம் எடுத்தார்கள். வலி இல்லாதவர்களுக்கு எந்த அழுத்தம் ஒன்றுமே இல்லையோ, அதற்கே இவர்களுடைய மூளையின் வலிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. மற்றவர்களுக்கு அதே அளவு வலி வர இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருந்தது. நடிக்கிறவர்களுக்கு மூளைப் படம் இப்படி வராது. உன் நாத்தனாரிடம் இதை நீ சொல்ல வேண்டாம், வீண் சண்டை. உனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி இன்னொன்று இருக்கிறது. 2007இல் மோஸ்லி, ஆர்ன்ட்ஸ் இருவரும் செய்தது. மைனஸ் 20 டிகிரி குளிரில் இருந்த உலோகக் குச்சியை ஒருவரின் புறங்கையில் அரை விநாடி வைப்பார்கள். வைக்கும்போது சில தடவை சிவப்பு விளக்கு எரியும், சில தடவை நீல விளக்கு. குச்சி ஒன்றே, குளிரும் ஒன்றே. ஆனால் சிவப்பு எரிந்தபோது அதிகமாக வலித்ததாகச் சொன்னார்கள்; சுடுகிறது என்றுகூடச் சொன்னார்கள். இந்த இடத்துக்கு ஆபத்து எவ்வளவு என்று மூளை தனக்குக் கிடைத்த எல்லாத் தகவலையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. "தேய்ந்துவிட்டது", "பிதுங்கிவிட்டது", "இனி குனியவே கூடாது" என்று நாங்கள் மருத்துவத்தில் இருப்பவர்கள் அள்ளி வீசுகிற வார்த்தைகளும் அந்தச் சிவப்பு விளக்கின் வேலையைத்தான் செய்கின்றன என்பது என் எண்ணம்.

வலி நாள்பட நாள்பட மூளைக்குள் இடமும் மாறுகிறது. சிகாகோவில் அப்காரியன் குழுவினர், புதிதாக முதுகுவலி வந்தவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சிலருக்குச் சரியாகிவிட்டது, சிலருக்கு நிலைத்துவிட்டது. நிலைத்துப்போனவர்களுக்கு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பகுதிக்கும், ஆசை, எதிர்பார்ப்பு, கற்றல் இவற்றோடு சம்பந்தப்பட்ட ஆழமான ஒரு பகுதிக்கும் இடையே ஆரம்பத்திலிருந்தே தொடர்பு இறுக்கமாக இருந்ததாம். 2012இல் வெளியானது. அடுத்த வருடமே, வலி நீடிக்கும்போது மூளையின் செயல்பாடு உணர்ச்சிப் பகுதிகள் பக்கம் நகர்கிறது என்றும் காட்டினார்கள். உனக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். ஒரு அம்மா வருவார். தரையில் கிடக்கும் காகிதத்தை எடுக்கச் சொன்னால், முதலில் மூச்சைப் பிடிப்பார், வயிற்றை இறுக்குவார், ஒரு கையைத் தொடையில் ஊன்றுவார், முதுகை மரப்பலகை மாதிரி வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி இறங்குவார். முகம் முழுக்க வேதனை. போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மடியிலிருந்து செல்போன் நழுவியது. சட்டென்று வளைந்து, தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டார்! நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் தான் குனிந்ததே அவருக்கு உறைத்தது. "வலித்ததா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லையே" என்றார். அன்றைக்கு வேறு பயிற்சி எதுவும் செய்யவில்லை. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். கொலராடோவில் 151 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2021இல் வெளியிட்டார்கள். நான்கு வாரம், "உன் முதுகு உடையவில்லை, மூளை தேவையில்லாமல் எச்சரிக்கை கொடுக்கிறது" என்பதைப் பேசிப் புரியவைத்து, பயந்த அசைவுகளைப் பயமில்லாமல் செய்யவைக்கும் சிகிச்சை. முடிவில் அவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி இல்லை, அல்லது இல்லாத மாதிரிதான். உப்புநீர் ஊசி என்று சொல்லியே போலி ஊசி போட்டவர்களில் 20 சதவீதம், வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 10 சதவீதம். படித்தபோது நானும் துள்ளிக் குதித்தேன். ஆனால் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள், வலியும் மிதமான வலி, எல்லாம் ஒரே இடத்தில் நடந்தது. அதனால் எல்லோருக்கும் மூன்றில் இரண்டு பங்கு குணமாகும் என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஆஸ்திரேலியாவில் 492 பேரை வைத்து நடத்தி 2023இல் வந்தது. ரொம்ப நாளாக முதுகுவலியால் முடங்கியவர்களுக்கு, வலியைப் புரிந்துகொள்வது, அசைவுகளைத் திரும்பப் பழகுவது, வாழ்க்கை முறை மூன்றையும் பிசியோதெரபிஸ்டே சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. இது நாங்கள் செய்யக்கூடிய வேலை.

மாத்திரை விஷயத்தில் செய்தி அவ்வளவு இனிப்பாக இல்லை. நாள்பட்ட முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகள் சாதாரண வலிமாத்திரைகளைவிட மேலாக இல்லை என்று 2018இல் 240 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது. டுலோக்செட்டின் என்று ஒன்று உண்டு. மன அழுத்தத்துக்கு வந்த மருந்து, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலியடக்கும் பாதையைத் தூண்டும். சிலருக்குக் கொஞ்சம் உதவும். உன் டாக்டர் எழுதிக் கொடுத்தால், உனக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார் என்று அழாதே. நீ செய்தித்தாளில் பார்த்த புது மருந்து சுசெட்ரிஜின். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது திடீர் வலிக்கு மட்டும்தான். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குச் சோதித்தபோது போலி மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைக் கொடுத்தது.

ஒரு கிளைக்கதை. வலிக்கென்று தனி மருத்துவமே வேண்டும் என்று உலகத்தை ஒத்துக்கொள்ள வைத்தவர் ஜான் பொனிக்கா. படிக்கும் காலத்தில் செலவுக்காக முகமூடி போட்டுக்கொண்டு மல்யுத்தம் செய்தவர்! அந்தக் காயங்கள் கடைசிவரை அவரை விடவில்லை. மூட்டுவலியோடே உழைத்துத்தான் வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கினார்.

சரி, உன் கதைக்கு வருவோம். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது இதில் எது வந்தாலும் என் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. அவை எதுவும் இல்லை என்று நீ எழுதியிருப்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். நடக்க ஆரம்பி. முதுகுவலி குணமானவர்கள் 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு ஆய்வு 2024இல் வந்தது. படிப்படியாக நடை கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. உனக்கு இன்னும் குணமாகவில்லை என்பது தெரியும். ஆனாலும் நடை உன் முதுகைக் கெடுக்காது. நன்றாக இருக்கும் நாளில் மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடாதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும்.

அடுத்த கடிதத்தில் எனக்கு ரிப்போர்ட் வேண்டாம். வலி எப்போது அதிகம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எப்போது குறைகிறது, அந்த நேரத்தில் யாரோடு இருந்தாய், என்ன செய்துகொண்டிருந்தாய், முந்தின ராத்திரி தூங்கினாயா? அதை எழுது. எனக்கு அதுதான் வேண்டும்.

அன்புடன்,
சாந்தி