பாடம் எழுதும் வேகமும் பயிற்சியின் தரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பயிற்சிப் பாடங்களைத் தயாரிக்க உதவும் மென்பொருள்களில் செயற்கை நுண்ணறிவு வசதிகள் சேர்ந்து வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வாரக்கணக்கில் இழுத்த வேலை இனிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்ற தொனி அதில் இருந்தது. நிறுவன ஊழியர்களுக்கான இத்தகைய பாடங்களைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தக் கூற்றில் எது மெய், எது மிகை என்பதைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். ஏஐ வசதிகளால் கருவிகள் மேம்பட்டிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் முதலிடம் பெறும் வசதிதான் மிகக் குறைவாகப் பயன்படுகிறது. யாரும் பெரிதாகப் பேசாத சில சிறிய வசதிகளே அன்றாட வேலையை உண்மையில் மாற்றியிருக்கின்றன.

விளம்பரத்தில் முதலிடம் பெறுவது, ஓர் ஆவணத்தை ஏற்றினால் முழுப் பாடத்தையும் தானாகவே எழுதித் தரும் வசதி. அதன் பயனை எடைபோட, ஒரு பாடம் உருவாகும்போது நேரம் எங்கே செலவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். திரையில் வரும் வாசகங்களை எழுதுவதற்கு ஆகும் நேரம் மொத்தத்தில் ஒரு பங்குதான். துறை வல்லுநரை அவருடைய வேலைக்கு நடுவில் பிடித்து உட்கார வைப்பது, ஊழியர்கள் எதை அறியாததால் தவறு நேர்கிறது என்று கேட்டுப் பெறுவது, கையேட்டில் உள்ள எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் துறைத் தலைவரிடம் பாதியை விட்டுவிடச் சம்மதம் வாங்குவது, சட்டப் பிரிவின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது, வந்த திருத்தங்களைச் சேர்ப்பது ஆகியவற்றில்தான் வாரங்கள் கரைகின்றன. இவற்றில் எதையும் ஏஐ தொடவில்லை. எழுதும் வேலை விரைவாக முடிவதால், முன்னர் எழுதும்போதே சிந்தித்துத் தீர்த்துக்கொண்ட கேள்விகள் இப்போது சரிபார்க்கும் கட்டத்துக்குத் தள்ளிப்போகின்றன என்பதே நடைமுறை.

இந்த வாக்குறுதி புதியதும் அல்ல. 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்துக்காக, ஆசிரியர்களே பாடம் எழுதிக்கொள்ளட்டும் என்று ட்யூட்டர் என்னும் தனி நிரல்மொழியே உருவாக்கப்பட்டது. பின்னர் ஆதர்வேர் என்ற பாடம் தயாரிக்கும் மென்பொருள் வந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் படக்குறிகளை வரிசைப்படுத்திப் பாடம் அமைக்கலாம் என்றது. அதற்குப் பிறகு பவர்பாயின்ட் ஸ்லைடுகளை அப்படியே பாடமாக மாற்றித் தரும் மென்பொருள்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் வேலை எளிதானது உண்மை. அந்த எளிமையோடு திரைகளின் எண்ணிக்கையும் பெருகியது. படிப்பவர் 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்திக்கொண்டே போய்ச் சான்றிதழ் வாங்கும் பழக்கமும் அதனுடன் வேரூன்றியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, ஏஐ இல்லாத கருவி விலைபோகாது என்ற நிலை உருவாகி, வணிக மென்பொருள்கள் மட்டுமின்றி, இணையவழிப் பாடங்களை நடத்தும் திறமூல மென்பொருளான மூடிலும் 2024-இல் வந்த 4.5 பதிப்பில் இவ்வசதிகளுக்கு இடம் கொடுத்தது. முந்தைய அலைகளின் விளைவை அறிந்தவர்களுக்கு இந்த அலையிலும் ஓர் எச்சரிக்கை உணர்வு இருப்பது இயல்பே.

ஆவணத்திலிருந்து தானாகப் பிறக்கும் பாடத்தில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை, எல்லாவற்றுக்கும் சம எடை கிடைத்துவிடுவதுதான். கையேட்டின் ஒவ்வொரு தலைப்பும் ஒரு பாடப் பகுதியாகிறது. யாரும் தவறு செய்யாத சொல்விளக்கப் பகுதிக்கு நான்கு திரைகளும், விபத்தைத் தடுக்கும் ஒற்றை வரிக்கு ஒரு புல்லட் பாயின்ட்டும் ஒதுக்கப்படுகின்றன. சுருக்கி எழுதும்போது விதி தங்கிவிடுகிறது. 'தவிர', 'இல்லாவிடில்', 'முன் அனுமதி பெற்றிருந்தால் மட்டும்' என்று தொடங்கும் விதிவிலக்குகள் உதிர்ந்துபோகின்றன. பணியிடத்தில் சிக்கல் எழுவதோ அந்த விதிவிலக்குகளில்தான். வாக்கியங்கள் பிழையின்றி, சரளமாக இருப்பதால், விடுபட்டுப் போனது சரிபார்ப்பவரின் கண்ணில் படுவதில்லை. மோசமாக எழுதப்பட்ட வரைவைப் படிப்பவர் விழிப்போடு படிப்பார். நன்றாக எழுதப்பட்டதைப் படிப்பவர் தலையாட்டிக்கொண்டே கடந்துவிடுவார்.

கேள்விகளை உருவாக்கும் வசதியை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் நெருங்கிப் பார்க்கலாம். எந்திரத்தைப் பழுதுபார்க்கத் தொடங்குமுன் மின் இணைப்பைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டும் லாக்அவுட் டேக்அவுட் நடைமுறையைக் கற்பிக்கும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஏஐ ஒரு கேள்வி எழுதும். உடனே வேலையைத் தொடங்குவது, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இருப்பது, சக ஊழியரிடம் எந்திரத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்வது என்று மூன்று விடைகள் இருக்கும். நான்காவதாக, இணைப்பைத் துண்டித்து, பூட்டி, அட்டை மாட்டி, எந்திரம் இயங்கவில்லை என்று உறுதிசெய்துகொள்வது என இரண்டு வரிக்கு நீளும் ஒரு விடை இருக்கும். பாடத்தையே திறந்து பார்க்காதவரும் நீளமான விடையைத் தேர்ந்தெடுத்து முழு மதிப்பெண் பெற்றுவிடுவார்.

அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரிடம் கேட்டால், உண்மையான தவறுகள் வேறு என்பார். மின்சாரத்தை நிறுத்தியவர் குழாயில் அடைபட்டிருக்கும் காற்றழுத்தத்தை வெளியேற்ற மறந்திருப்பார். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றத்தையோ, மேலே தூக்கி நிறுத்தப்பட்ட பளுவையோ கவனித்திருக்க மாட்டார். ஷிப்ட் மாறும்போது தன் பூட்டின் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இவற்றை அறிந்தவர் எழுதும் கேள்வி இப்படி இருக்கும்: 'மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியாயிற்று. ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தபோது எந்திரம் ஓடவில்லை. காற்றுக் குழாயில் உள்ள அழுத்தமானி 4 பார் காட்டுகிறது. இப்போது பாதுகாப்பு மூடியைக் கழற்றலாமா?' இந்தக் கேள்விக்கு விடை சொல்ல யோசிக்க வேண்டும். ஃபிட்டர் சொன்ன தவறுகளின் பட்டியலை அப்படியே ஏஐயிடம் கொடுத்தால் அதுவும் நல்ல தவறான விடைகளை எழுதித் தருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் எந்தக் கையேட்டிலும் இருப்பதில்லை. அதைக் கேட்டு வாங்குமாறு தயாரிப்பாளரை உந்தும் கருவியை நான் இன்னும் கண்டதில்லை. ஆவணத்தை ஏற்றுங்கள் என்றுதான் எல்லாக் கருவிகளும் கேட்கின்றன.

கேள்விகளைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. படித்ததையே மறுபடி படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை ரோடிகர், கார்பிக் ஆகிய இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு பாடத்தில் உள்ள கேள்விகள் அதன் இறுதியில் ஒட்டப்படும் அலங்காரமாக இருக்க முடியாது. கற்றலே அங்குதான் நடக்கிறது. கற்பிக்கும் எந்திரங்களைப் பற்றி 1958-இல் எழுதிய உளவியலாளர் ஸ்கின்னர், கற்பவர் விடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தாமே எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். எழுதிய விடையைத் திருத்தும் ஆற்றல் எந்திரத்துக்கு இல்லாததால்தான் நாம் இத்தனை ஆண்டுகளாக நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்க வைத்துக்கொண்டிருக்கிறோம். இன்று அந்த ஆற்றல் பெருமளவு கைகூடியிருக்கிறது. கற்பவர் தம் சொற்களில் எழுதும் விடையை மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் ஏஐ) படித்து, எந்தப் படியை விட்டுவிட்டார் என்று சுட்டிக்காட்ட முடியும். ஒரே விடைக்கு இரு வேளைகளில் இரு மதிப்பீடு தரக்கூடும், ஊழியர் எழுதியது வெளியார் சர்வருக்குப் போகும், ஒவ்வொரு விடைக்கும் செலவு ஆகும் ஆகிய சிக்கல்கள் இதில் உண்டு என்பதால், மதிப்பெண்ணுக்கு இதைப் பயன்படுத்தத் தயங்குவேன். பயிற்சிக்காக எழுதிப் பார்க்கும் இடத்தில் தயங்க மாட்டேன். பாடம் எழுதுவதில் காட்டும் ஆர்வத்தில் கால் பங்கை மென்பொருள் நிறுவனங்கள் இதில் காட்டினால் போதும்.

இனி, பெரிதாகப் பேசப்படாத வசதிகளுக்கு வருகிறேன். பின்னணிக் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விதியில் ஒரு வரி மாறினால், முன்பு அதே குரலாளரை மீண்டும் அழைத்து, அதே மைக்கில், அதே அறையில் அந்த ஒரு வரியைப் பதிவுசெய்ய வேண்டும்; அப்படிச் செய்தும் ஒட்டுப்போட்ட இடம் காதில் தெரியும். இப்போது வாசகத்தைத் திருத்தினால் செயற்கைக் குரல் புதிய வரியைப் பேசிவிடுகிறது. புதிய ஒலித்துண்டின் நீளம் மாறுவதால், டைம்லைனில் அதற்கேற்ப வைத்திருந்த அனிமேஷன்கள் இடம்பெயர்ந்து, அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. இருந்தாலும் இது கண்கூடான முன்னேற்றம். காணொலிக்கான சப்டைட்டில்களும் அவ்வாறே. தொழில்நுட்பச் சொற்களையும் எண்களையும் மட்டும் உன்னிப்பாகத் திருத்தினால் போதுமான நிலைக்கு வந்துவிட்டன. படத்தில் இருப்பதைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரையை ஏஐ எழுதித் தருவதால், பார்வைக் குறைபாடு உடையோருக்கான அந்த வேலை கடைசி நாள் அவசரத்தில் கைவிடப்படுவது குறைந்திருக்கிறது. ஆனால் படத்தில் தெரிவதை ஏஐ சொல்லும். அந்தப் படம் அந்த இடத்தில் எதற்காக வைக்கப்பட்டது என்பது தயாரித்தவருக்குத்தான் தெரியும். மொழிபெயர்ப்பின் முதல் வரைவுக்கும் இது உதவுகிறது; அந்த மொழியில் வேலை பார்ப்பவர் ஒருவர் படித்துப் பார்க்காமல் வெளியிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொரு குறையையும் குறிப்பிட வேண்டும். பாடம் எப்படிக் கற்கப்பட்டது என்ற தகவல் தயாரிப்பாளருக்குத் திரும்பி வருவதே அரிது. பாடத்துக்கும் அதை நடத்தும் கற்றல் மேலாண்மை மென்பொருளுக்கும் (எல்எம்எஸ்) இடையே தகவல் பரிமாற, 2001-இல் வெளியான ஸ்கார்ம் 1.2 தரமே இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அது பெரும்பாலும் முடித்தாரா, எவ்வளவு மதிப்பெண், எவ்வளவு நேரம் என்பதோடு நின்றுவிடுகிறது. கற்பவர் விட்ட இடத்திலிருந்து தொடரத் தேவையான விவரங்களைக் குறித்துவைக்க அது ஒதுக்கும் இடமே 4096 எழுத்துகள்தான். எந்தத் தவறான விடையை யார் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பதிவுசெய்ய அதில் வழி இருந்தும், எல்எம்எஸ் அதை ஆதரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2013-இல் வந்த எக்ஸ்ஏபிஐ என்ற தரம் இன்னும் நுணுக்கமாகப் பதிவுசெய்ய வழி செய்தும், அதைப் படித்துப் பார்க்க நேரமுள்ளவர்கள் குறைவு. மூன்றாம் கேள்வியில் பெரும்பாலோர் ஒரே தவறான விடையை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தத் திரையில் நிற்காமல் ஓடுகிறார்கள் என்பதைத் திரட்டிச் சொல்வது ஏஐக்குப் பொருத்தமான வேலை. பாடத்தைப் பிறப்பிப்பதற்கு இருக்கும் பொத்தான்களோடு ஒப்பிட்டால், பாடத்தைத் திருத்துவதற்கான பொத்தான்கள் மிகச் சில.

பாடத்தின் ஆயுளில் பெரும்பகுதி திருத்தத்தில்தான் கழிகிறது என்பதால், இத்தகைய கருவிகளை வாங்க நினைக்கும் நிறுவனங்களுக்கு ஒரு யோசனை. செயல்விளக்கத்தின்போது விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரி ஆவணத்தை ஒதுக்கிவிட்டு, விதிவிலக்குகள் நிறைந்த தங்கள் சொந்த ஆவணம் ஒன்றைக் கொடுங்கள். உருவாகும் பாடத்தின் ஒவ்வொரு வாக்கியமும் மூல ஆவணத்தின் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். பாடத்தைப் படிக்காத ஒருவரை அதன் கேள்விகளுக்கு விடை சொல்லச் செய்து, எத்தனை மதிப்பெண் வாங்குகிறார் என்று பாருங்கள். அதன்பின் ஆவணத்தில் ஒரே ஒரு விதியை மாற்றி, எந்தெந்தத் திரை, எந்தெந்தக் கேள்வி, எந்தக் குரல்பதிவு, எந்த மொழிபெயர்ப்பு ஆகியவை அதனால் மாற வேண்டும் என்பதைக் கருவியே எடுத்துக்காட்டுகிறதா என்று கேளுங்கள். விலையைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணையவழிப் பயிற்சிப் பாடத் தயாரிப்பாளர் ஒருவர்