எக்கோ ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணும் வேண்டும்

ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய்க்காக என் அக்காவுக்கு டாக்ஸோரூபிசின் என்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்தை ஏற்றியபோது எக்கோ ரிப்போர்ட்டில் ஒவ்வொரு முறையும் 'இ.எஃப். 60%, நார்மல்' என்ற ஒரே வரிதான், நாங்களும் சரி, இதயம் நன்றாக இருக்கிறது என்று இருந்துவிட்டோம். அப்புறம் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

இதய அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதை மட்டும் சொல்லும் எண்தான் இ.எஃப். அந்த எண் குறைவதற்கு முன்பே இதயத்தின் சுவர்த் தசை சோர்ந்துபோகலாம். எக்கோ படத்தின் பொடிப் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் பின்தொடர்ந்து, சுவர் நீளவாக்கில் எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்று கணக்கிடும் 'ஸ்ட்ரெயின்' முறை அதைக் காட்டிவிடும்; 20 இருந்தது 17-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. மருந்துக்கு முன்பே ஒருமுறை எடுத்து வைத்தால்தான் ஒப்பிட முடியும், அதுவும் ஒரே கம்பெனி மெஷினில். கீமோ தொடங்குகிறவர்களின் ரிப்போர்ட்டில் இந்த எண்ணையும் எழுதுங்கள், டாக்டர்களே.